குத்துமதிப்புக் கணக்கு

குத்துமதிப்பு என்ற சொல்லுக்கு நம்மிடையே அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. "குத்துமதிப்பாச் சொல்லாதே, சரியாச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னால் தலையில் ஒரு குட்டு விழும்.

ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் காலம் தள்ளியதெல்லாம் குத்துமதிப்பில்தான். களத்தில் குவித்த நெல்லைப் பார்த்து எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார்கள். முன்னூறு பேர் கல்யாணத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று சமையற்காரர் வாயாலேயே சொல்ல, மளிகைச் சிட்டை எழுதிக்கொண்டு போவோம். அதில் பெரிய தப்பு வந்து நான் பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியிடம் எந்தக் கடைக்காரரும் சில்லறையில் ஏமாற்ற முடியாது.

1970இல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கே பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை எது என்று கேட்டால், தசம எண்களைக் கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் முன்னால் "விடை எவ்வளவு பக்கம் வரும்?" என்று பிள்ளைகளைக் கேட்டதைச் சொல்வேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒரு கணக்கும் இதில் வராது.

முதலில் தசமம் நமக்கு வந்த கதை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு நூறு நயா பைசா. நூற்றைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால் வரும். கால் பைசாவுக்கு நாணயம் ஏது? எனவே ஓர் அணாவுக்கு ஆறு நயா பைசா, இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டு, மூன்று அணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று பட்டியல் போட்டார்கள். கடைகளில் அந்தப் பட்டியலை ஒட்டி வைத்திருந்தது எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு அணா சாமானை இரண்டு தடவையாக வாங்கினால் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு. நாலணாவுக்கு ஒரே தடவையாக வாங்கினால் இருபத்தைந்து. ஓர் அணா ஓர் அணாவாகப் பதினாறு தடவை வாங்கினால் ஒரு ரூபாய்ச் சாமான் தொண்ணூற்றாறு பைசாவுக்கே கிடைத்துவிடும்! எங்கள் தெருவில் கெட்டிக்காரப் பையன்கள் இதைக் கண்டுபிடித்து, ஒரே கடைக்கு நாலு நடை நடந்தார்கள். சின்னச் சின்னதாக வெட்டி விடுவது சேர்ந்தால் பெரிதாகும் என்ற பாடத்தை எந்த வாத்தியாரும் சொல்லாமல் அவர்கள் படித்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1958 அக்டோபரில், மெட்ரிக் எடைகள் வரத் தொடங்கின. படியும் உழக்கும் வீசையும் பலமும் மெல்ல மெல்லப் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. நம்முடைய பழைய வாய்பாடுகளில் கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்கள் பாதி பாதியாகவும் நாலில் ஒன்றாகவும் இறங்கும். பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்று இறங்குவது நம் வாய்க்குப் புதிது. பெரியவர்கள் திணறியதில் வியப்பில்லை. 2011இல் கால் ரூபாய் நாணயத்தை நிறுத்தும் வரைக்கும் அதை நாம் 'நாலணா' என்றுதானே சொன்னோம்?

நான் ஆசிரியராக வந்தபோது தசமம் ஐந்தாம் வகுப்புப் பாடம். பிள்ளைகளுக்கு அது ஒரு புள்ளி வைத்த விசித்திரம். 2.5 பெரியதா, 2.45 பெரியதா என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 2.45 என்பார்கள். ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரிது அல்லவா? 3.5 ரூபாய் என்று எழுதினால் மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று படிப்பார்கள். கூட்டச் சொன்னால், முழு எண்ணைக் கூட்டுவது போல வலது ஓரத்தை நேராக வைத்துக்கொண்டு கூட்டுவார்கள். புள்ளியை எங்காவது ஓரிடத்தில் வைத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் வீட்டில் அந்தப் பிள்ளைகள் ஒன்றேகால், இரண்டரை, மூணேமுக்கால் என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறவர்கள். எண்ணெய் கால் லிட்டர், சீனி முக்கால் கிலோ என்று கடைக்கு ஓடுகிறவர்கள். வாயில் இருக்கும் 'ஒன்றேகால்' சிலேட்டில் '1.25' ஆனதும் அந்நியமாகிவிடுகிறது. எனவே நான் அந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

பள்ளித் தாழ்வாரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு நீளக் கோடு. பூஜ்யம் முதல் பத்து வரை பதினொரு கட்டங்கள். அவை வீடுகள். "4.7 எங்கே நிக்கும்?" என்றால் ஒரு பிள்ளை ஓடிப்போய் நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். "மழை வந்தா எந்த வீட்டுக்கு ஓடுவே?" என்று கேட்பேன். "அஞ்சு வீட்டுக்கு சார், அதுதான் கிட்டக்க." பாடப் புத்தகம் இதை முழுதாக்கல் என்று சொல்லும். எங்கள் தாழ்வாரத்தில் அதற்கு 'மழைக்கு ஒதுங்குவது' என்று பெயர்.

சரியாக 4.5இல் நின்றால்? அந்தக் கேள்வி எல்லா ஆண்டும் வரும். மேலே போக வேண்டும் என்பது புத்தக வழக்கம். நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன். காசு கொண்டுபோகும் கணக்கு என்றால் மேல் வீட்டுக்குப் போ, கையில் கொஞ்சம் மிஞ்சினால் நல்லது. அறுப்பில் எவ்வளவு வரும் என்ற கணக்கு என்றால் கீழ் வீட்டில் இரு, ஏமாற்றம் வராது.

பிறகு கூட்டல். 4.7 + 3.2 என்று எழுதியதும் ஒருவரும் பலப்பத்தைத் தொடக் கூடாது. ஐந்தும் மூன்றும் எட்டு. விடை எட்டுப் பக்கம் வர வேண்டும். அப்புறம்தான் சிலேட்டில் கூட்டிப் பார்க்கலாம். 7.9 வரும். எட்டுப் பக்கம்தான்.

மூன்று எண்கள் வந்தால் வேறு வழி. 4.7, 3.6, 2.65. முதலில் முழுசுகளை மட்டும் கூட்டு. நாலும் மூன்றும் இரண்டும் ஒன்பது. மிச்சங்களைப் பார். மூன்றுமே அரையைத் தாண்டியவை, முக்காலுக்குள் நிற்பவை. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று பக்கம். கூட்டிப் பார்த்தால் 10.95. முதல் தடவை இந்த விடை வந்தபோது வகுப்பே கைதட்டியது. தாங்கள் ஜோசியம் சொன்னது பலித்துவிட்ட மாதிரி அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

கழித்தலில்தான் வம்பு. 8.4 − 3.6. பக்கத்து வீட்டுக்குப் போனால் எட்டில் நாலு போக நாலு. ஆனால் சரியான விடை 4.8. ஏறக்குறைய ஒன்று இடிக்கிறது. "சார், மழை வீடு பொய் சொல்லுது" என்றான் ஒருவன். இந்த இடத்தில் விதியைச் சொல்லி அடக்கிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. உயரமான ஒரு பையனையும் குள்ளமான ஒரு பையனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். "ரெண்டு பேருக்கும் எவ்வளவு வித்தியாசம்?" ஒரு சாண் என்றார்கள். இருவரையும் ஒரே பெஞ்சின் மேல் ஏற்றினேன். "இப்போ?" அதே ஒரு சாண். உயரமானவனைக் கீழே இறக்கிவிட்டுக் குள்ளமானவனை மட்டும் பெஞ்சில் விட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குள்ளமானவன் அல்லவா இப்போது உயரம்!

எட்டேகால் பக்கம் இருந்தவரைக் கீழே இறக்கி, மூன்றரைக்கு மேல் இருந்தவரை மேலே ஏற்றினால் வித்தியாசம் இரு பக்கமும் சுருங்கும். இரண்டு பேரையும் ஒரே அளவு ஏற்று. 8.4க்கும் 0.4 கொடு, 3.6க்கும் 0.4 கொடு. 8.8இலிருந்து 4 போனால் 4.8. குத்துமதிப்புக்கு நுழைந்தவர்கள் சரியான விடையோடு வெளியே வந்தார்கள். கூட்டலில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் பிசகு சரிக்குச் சரியாகிவிடும். கழித்தலில் இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால்தான் சரியாகும். பெஞ்சில் ஏறிய அந்த வகுப்பில் ஒருவருக்கும் இது மறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதில் பிள்ளைகள் செய்யும் ஒரு தில்லுமுல்லையும் சொல்ல வேண்டும். 'உத்தேச விடை எழுதுக, பின் சரியான விடை காண்க' என்று கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலில் சரியான விடையைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்து உத்தேச விடையை எழுதுவார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அதற்கு ஒரே மருந்து, வாய்க்கணக்கு. கரும்பலகையில் எழுதி, ஐந்து எண்ணுவதற்குள் அழித்துவிடுவேன். யார் சொல்லும் விடையையும் 'தப்பு' என்று சொல்ல மாட்டேன். "எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்பேன். தினமும் காலையில் பதினைந்து நிமிடம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் முதன்முதலாக வாய் திறந்தது அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது 1983 என்று நினைக்கிறேன், பள்ளி ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு வந்து கரும்பலகையில் 19.75 + 30.4 என்று எழுதினார். அவர் எழுதி முடிக்கும் முன்பே, தையற்கடைக்காரர் மகன் எழுந்து, "அம்பது பக்கம் சார்" என்றான். அப்பா துணி அளப்பதைப் பார்த்து வளர்ந்தவன். மீட்டர் கணக்கு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"பக்கமா? என்னலே பக்கம்? இது என்ன சந்தைக்கடையா?" என்றார் அதிகாரி. "கணக்குன்னா கணக்கா இருக்கணும். உட்காரு."

பிறகு முதல் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளையை எழுப்பினார். அவள் வகுப்பிலேயே கையெழுத்து அழகானவள். பலகைக்குப் போய் வலது ஓரத்தை நேராக வைத்து, ஒவ்வொரு இலக்கமாக முணுமுணுத்துக் கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டு 22.79 என்று எழுதினாள். ஒரு கூட்டலிலும் பிசகில்லை. புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்காததால் முப்பது ரூபாய் மூன்று ரூபாயாகிவிட்டது.

இதில் யாருக்குக் கணக்குத் தெரியும் என்று நீங்களே சொல்லுங்கள். சரியான விடை 50.15. அந்தப் பையன் பதினைந்து பைசா வித்தியாசத்தில் நின்றான். அந்தப் பிள்ளை இருபத்தேழு ரூபாய்க்கு மேல் தள்ளி நின்றாள். ஆனால் குட்டுப் பட்டவன் அவன். அதிகாரி பார்வைப் பதிவேட்டில் 'தசமக் கூட்டலில் மேலும் பயிற்சி தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. பயிற்சி தேவைதான். ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. கேட்டால், "கணக்காப் போட்டுச் சொல்றேன் சார்" என்று சிலேட்டைக் கையில் எடுப்பான்.

தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எனக்கு மூத்தவர். "எதுக்கு சார் வம்பு? பரீட்சையில பக்கத்துக்கு மார்க் உண்டா? புஸ்தகத்துல இருக்கறதை மட்டும் நடத்துங்களேன்" என்றார். பரீட்சையில் மார்க் இல்லை என்பது உண்மைதான். நான் சொன்னேன், "சார், பரீட்சை வருஷத்துக்கு மூணு தடவை. கடைக்கு இவங்க தினமும் போறாங்க." அவர் சிரித்துக்கொண்டார். "காலையில பதினஞ்சு நிமிஷம்தானே, நடத்துங்க. ஆனா அடுத்த ஆய்வுக்குள்ள புள்ளிக்கு நேரா புள்ளி வைக்கப் பழக்கிடுங்க" என்றார். இரண்டையும் செய்தேன். முதலில் 'பக்கம்', பிறகு புள்ளிக்கு நேராகப் புள்ளி. 'பக்கம்' தெரிந்த பிள்ளைக்கு 22.79 என்று வந்தவுடனேயே கை நின்றுவிடும். "இருபதும் முப்பதும் சேர்ந்து இருபத்திரண்டா எப்படி வரும்?" என்று அவளே கேட்டு, அவளே அழித்துத் திருத்துவாள். அழகான கையெழுத்துக்காரி கடைசியில் அப்படித்தான் புள்ளியைப் பிடித்துக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். அதே வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. வீட்டில் இரண்டு எருமை. அப்பா இல்லை. அம்மா பால் கறந்து ஊருக்கு வரும் ஒரு வியாபாரியிடம் ஊற்றுவார். வியாபாரி அட்டையில் தினமும் லிட்டர் எழுதி, வாரம் ஒருமுறை கூட்டிக் காசு கொடுப்பார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் பிள்ளையை ஐந்தாவதோடு நிறுத்திவிடப் போவதாகப் பேச்சு இருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வீட்டில் எருமைக்கு ஆள் வேண்டும்.

ஒருநாள் காலையில் மணி அடிக்கும் முன்னே அம்மாவும் மகளும் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். அம்மா கையில் பால் அட்டை.

"சார், இந்தப் பிள்ளை சொல்றது நெசமான்னு பாருங்க. ராத்திரி பூரா தூங்க விடலை."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அந்த எண்களைப் பிறகு பல ஆண்டு வகுப்பில் போட்டிருக்கிறேன். அதனால் மறக்கவில்லை. 5.8, 6.2, 5.9, 6.3, 5.7, 6.1, 5.6. கீழே மொத்தம் 35.5.

"நீ என்ன சொன்னே?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

"சார், எல்லா நாளும் ஆறு வீட்டுப் பக்கத்துலதான் நிக்குது. ஏழு ஆறு நாப்பத்திரண்டு. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். முப்பத்தஞ்சரை எப்படி சார் வரும்? ஒரு நாள் பால் எங்கயோ போயிருச்சு."

அவள் காகிதத்தில் கூட்டவில்லை. ராத்திரி சிம்னி விளக்கில் அட்டையைப் பார்த்ததும் சொன்னதாம். நான் கூட்டிப் பார்த்தேன். 41.6. வியாபாரி எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் 6.1. ஆறாவது நாள் பால் அப்படியே விடுபட்டிருக்கிறது. 'ஒரு நாள் பால்' என்று அவள் சொன்னது அப்படியே பொருந்தியது.

கை தவறி விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. அன்று மாலை அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். வியாபாரி மறுபடி கூட்டிப் பார்த்து, மறுபேச்சுப் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டார். ஆறு லிட்டர் பால் காசு அந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரிக்கும் என்பது நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் அட்டையை எழுதியதும், "பாப்பா, சரியாம்மா?" என்று அந்தப் பிள்ளையிடம் காட்டிவிட்டுத்தான் காசு எண்ணுவாராம்.

ஜூன் மாதம் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். காரணம் பால் அட்டை மட்டுமே என்று சொல்ல மாட்டேன். அவளுடைய மாமாவும் எடுத்துச் சொன்னார். ஆனால் "இது படிச்சு என்ன ஆகப் போகுது?" என்ற கேள்வி அந்த வீட்டில் அதோடு நின்றது. எட்டாவது வரை படித்தாள் என்று தெரியும். தையற்கடைக்காரர் மகன் இந்தப் பால் அட்டைக் கதையை வகுப்பில் கேட்டதும் தன்னை அறியாமல், "நாப்பத்திரண்டு பக்கம் சார்!" என்று கத்தினான். மறுபடி 'பக்கம்' என்ற சொல் அவன் வாயில் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1978இல் அங்கே நாடு முழுவதும் நடத்திய ஒரு தேர்வில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம், பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கையும் எட்டில் ஏழு பங்கையும் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஏறக்குறைய ஒன்று. ஆகவே விடை இரண்டு. சரியாகச் சொன்னவர்கள் சுமார் நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ளதைக் கூட்டினால் பத்தொன்பது, கீழே உள்ளதைக் கூட்டினால் இருபத்தொன்று. கை கூட்டுகிறது, மனம் பார்ப்பதில்லை. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பில், கணக்குப் பாடத்தில் உத்தேசமாக மதிப்பிடும் திறனுக்கு இடம் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும் தறுவாயில் அது வந்தது. 'பக்கத்துக்கு' மரியாதை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

"இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, குத்துமதிப்பு எதற்கு?" என்று என் பேரனே கேட்கிறான். செல்போன் சரியாகத்தான் கூட்டும். நாம் தட்டுவது சரியாக இருக்க வேண்டுமே! 19.75உடன் 30.4ஐக் கூட்டும்போது ஒரு புள்ளி விட்டுப்போனால் 323.75 என்று காட்டும். அதற்கு வெட்கம் கிடையாது. ஐம்பது பக்கம் வர வேண்டும் என்று மனதில் உள்ளவன்தான் "இதென்ன கூத்து?" என்று கேட்பான். அச்சடித்த பில்லும் அப்படித்தான். அச்சில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு சாமானை இரண்டு தடவை அடித்திருந்தால்கூடத் தெரிவதில்லை.

அதனால் பேரன் பேத்திகள் உள்ள நண்பர்களுக்கு ஒரு யோசனை. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து செல்லும். செலவு ஒன்றும் இல்லை.

காய்கறிக் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மின் தராசில் தக்காளி 1.240, வெங்காயம் 0.760, கத்தரிக்காய் 0.485 என்று காட்டும். "பையில மொத்தம் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேளுங்கள். ஒன்றேகால், முக்கால், அரை. இரண்டரைக் கிலோ பக்கம். பிறகு கூட்டிப் பார்த்தால் 2.485 வரும். நம்முடைய காலும் அரையும் முக்காலும் இப்படித் தசமத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்கட்டும்.

நகைக்கடைக்குப் போனால் இன்னும் நல்லது. கம்மல் 3.870 கிராம், மோதிரம் 4.120 கிராம். நாலும் நாலும் எட்டு, ஒரு சவரன் பக்கம். சீட்டில் அதற்கு ரொம்பத் தள்ளி ஏதாவது இருந்தால் முதலில் கேட்பது அந்தப் பிள்ளையாக இருக்கும்.

மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது, பில் வரும் முன்னால் ஆளுக்கு ஒரு தொகை சொல்லுங்கள். யார் கிட்டே வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு கடலை மிட்டாய். நான்கைந்து தடவை தோற்றால் பிள்ளை தானே ஒரு வழி கண்டுபிடிக்கும். அந்த வழி உங்கள் வழியாக இருக்காது. என் பேத்தி எல்லாவற்றையும் பத்துப் பத்தாகச் சேர்க்கிறாள். நான் முழுசையும் மிச்சத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறவன். போன மாதம் மூன்று தடவை என்னைத் தோற்கடித்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று. பிள்ளை சொல்வது தள்ளிப் போனால், 'தப்பு' என்று சொல்லிவிடாதீர்கள். "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு வரும்போது பாதியிலேயே, "இருங்க தாத்தா, இருங்க" என்று அதுவே நிறுத்தும். அந்த நேரத்தில் நாம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம், முப்பத்தாறு வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.